கம்பெனி விட்டுவைத்த மிச்சம்

மதுரை விளக்குத்தூணைத் தெரியாத மம்சாபுரத்துக்காரர் கிடையாது. கல்யாண ஜவுளி, சீர்ப் பாத்திரம் எதுவானாலும் பஸ் ஏறி அங்கேதான் போய் நிற்போம். அந்தத் தூண் யாருக்காக நட்டது என்று கேட்டுப்பாருங்கள். பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, அதற்கு அடையாளம் என்பார்கள். உண்மையில் அது பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்கார கலெக்டரின் நினைவுக்கு வைத்தது. அவர் ஊருக்குச் செய்த பெருந்தொண்டு, மதுரையைச் சுற்றியிருந்த கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தது. 1837 வாக்கில் வேலை ஆரம்பமானது. மதிலை இடித்து அகழியில் தள்ளுகிறவருக்கு அந்த இடம் சொந்தம் என்றார் துரை. சனம் கடப்பாரையோடு வந்துவிட்டது. வேலையைப் பார்த்த மேஸ்திரிக்குப் பெருமாள் மேஸ்திரி வீதி, அளந்து கொடுத்த சர்வேயருக்கு மாரட் வீதி. இன்றைக்கும் அந்தப் பெயர்கள்தான்.

ஊர் நெரிசலில் மூச்சுத் திணறியது என்று காரணம் சொன்னார்கள். காரணம் நியாயமாகவே இருக்கலாம், எனக்கு அதில் வழக்கு இல்லை. நான் கவனிப்பது வேறு. கோட்டை கட்டியவருக்குச் சிலை வைத்தால் எந்தத் தெருவில் வைப்பது, எந்தப் பக்கம் பார்க்கவைப்பது, யார் மாலை போடுவது என்று மூன்று தலைமுறைக்குச் சண்டை வரும். இடித்தவருக்கு விளக்கு வைத்தோம். ஒரு சண்டை கிடையாது. இடிப்பில்தான் நமக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். மம்சாபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை மதில் மாதிரிதான் நிற்கும். உச்சியில் கோட்டை எதுவும் கிடையாது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து, பார்க்க என்ன இருக்கு என்று கேட்டால் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைக் காட்டுவோம், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவைக் கையில் கொடுப்போம், செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போவோம். அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரமா மதுரைக் கோபுரமா என்ற சண்டையையும் கொஞ்சம் போட்டுக் காட்டுவோம். கோட்டை வேண்டும் என்று கேட்டால், செங்கோட்டை போகிற பஸ்ஸைத்தான் காட்ட முடியும்.

இத்தனைக்கும் இது பாளையக்காரர் சீமை. சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் என்று பாளையத்துக்கு ஒரு கோட்டை இருந்த மண். தெற்கே வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல், பனையூர் மூன்றையும் வைத்துக்கொண்டுதான் பூலித்தேவர் ஆற்காட்டு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வரி கிடையாது என்றார். எல்லாம் மண் கோட்டை. பீரங்கி உடைத்த இடத்தை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்து, விடியும்போது மறுபடியும் எழுப்பி நிறுத்துகிற ஆட்கள் உள்ளே இருந்தார்கள். கம்பெனித் தளபதி யூசுப் கானால் 1761இல்தான் அவற்றைப் பிடிக்க முடிந்தது. பிடித்த யூசுப் கானும் பிறகு கம்பெனியோடு முறைத்துக்கொண்டார். பிளாக்பர்ன் பின்னாளில் இடித்தாரே, அதே மதுரைக் கோட்டைக்குள் இருந்து சண்டை போட்டு, 1764 அக்டோபர் 15இல் தூக்கில் தொங்கினார். நல்ல கதைதான். நம்மாட்கள் படம் எடுக்க 1997இல் இங்கிலாந்து ராணியையே கூப்பிட்டுப் பூஜை போட்டார்கள். அந்தப் படமும் கோட்டை மாதிரியே பாதியில் நிற்கிறது.

அப்புறம் கம்பெனித் தளபதி பானர்மேன் வந்தார். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டபோது மற்ற பாளையக்காரர்களைச் சுற்றி நிற்கவைத்துப் பார்க்கச் செய்தார். அதோடு உத்தரவு: கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். இடித்தார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, தரைமட்டமான பாஞ்சாலங்குறிச்சியைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார். 1801 மே மாதம் அதையும் பிடித்து இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்பது தென்பாண்டிச் சீமை சொல்லும் கதை. ஒரு விஷயத்தில் கம்பெனியைப் பாராட்டத்தான் வேண்டும். இடிக்க உத்தரவு போட்டது, இடித்ததா என்று போய்ப் பார்த்தது, கையெழுத்து வாங்கியது. நம் நிர்வாகத்தில் ஒரு வேலை அவ்வளவு சுத்தமாக முடிந்ததை நான் பார்த்ததில்லை.

இடிந்ததை நாம் சும்மா விட்டோமா என்ன? 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசே ஒரு கோட்டை கட்டியது. அதற்கு முன்னால் 1959இல் வந்த கட்டபொம்மன் படத்தின் சண்டைக் காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்திருந்தார்கள். எங்கள் தாத்தா காலத்தில் ‘வரி கேட்க நீ யார்’ என்று தொடை தட்டிய தியேட்டர் கூட்டம் பார்த்தது ராஜஸ்தானத்து மண்ணை. குறை சொல்லவில்லை. கோட்டை வேண்டுமென்றால் கோட்டை இருக்கிற ஊருக்குத்தானே போக வேண்டும்.

நெற்கட்டும்செவலில் நினைவு மாளிகை இருக்கிறது. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாள். அந்த நாட்களையொட்டித் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு. வேனுக்கு அனுமதிச் சீட்டு, கோஷத்துக்கு நேரம், கொடிக்குக் கட்டுப்பாடு. பூலித்தேவரும் ஒண்டிவீரனும் வெண்ணிக் காலாடியும் ஒரே மதிலுக்குப் பின்னால் நின்று ஒரே எதிரியோடு சண்டை போட்டவர்கள். அவர்களைக் கும்பிடப் போகிற நாம் ஒரே ரோட்டில் போனால் சட்டம் ஒழுங்கு கெட்டுவிடும் என்று கலெக்டர் பயப்படுகிறார். பயத்தில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மண் மதிலை யூசுப் கான் இடித்தார். அதற்குப் பின்னால் நின்ற கூட்டணியை இடிக்க ஒரு யூசுப் கானும் வரவில்லை, அதை நாமே பார்த்துக்கொண்டோம். அந்த இரண்டு நாளும் எங்கள் சீமையில் மதில் என்று சொல்ல மிச்சம் இருப்பது போலீஸ் பேரிகேட் மட்டும்தான்.

இப்படி இருக்கையில் 2025 ஜூலை 11இல் பாரீஸில் யுனெஸ்கோ கூடி, ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 11 மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி. அன்றைக்கு முழுக்க எங்கள் டீக்கடையில் செஞ்சிதான் பேச்சு. பாதிப்பேர் ‘தமிழனுக்குப் பெருமை’ என்றார்கள், மீதிப்பேர் ‘தமிழனுக்கு அவமானம்’ என்றார்கள். இரண்டு தரப்பிலும் செஞ்சியைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர், ராஜபாளையம் மில்லில் நூல் நூற்று ஓய்வு பெற்றவர், கடைசி மிடறு டீயைக் குடித்துவிட்டுக் கேட்டார்: “யாருதுன்னு அப்புறம் சண்டை போடலாம். மொதல்ல இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வருவமா?”

ராஜபாளையத்தில் சாயங்காலம் பொதிகையில் ஏறினால் விடிவதற்குள் விழுப்புரம். அங்கிருந்து செஞ்சிக்குப் பஸ். செஞ்சியைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் போனால் ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் ராஜகிரி, தள்ளிச் சந்திரகிரி. யாரோ ராட்சசன் பாறாங்கல்லைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி பாறை மேல் ஏறி இறங்கி ஓடுகிறது மதில். பதின்மூன்று கிலோமீட்டர் என்கிறார்கள். ராஜகிரி எண்ணூறு அடி. டிக்கெட் 25 ரூபாய்.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால் நிற்கிறது, அடுக்கடுக்காக, ஒல்லியாக, மேலே கூம்பு வைத்து. அந்த உயரத்துக்கு மண் குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பேரூராட்சிக் குழாயில் தண்ணீர் தரைக்கு வருவதற்கே மோட்டார் வைத்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்பதால் அண்ணாச்சி அந்தக் குழாய் இருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தானியக் களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி. ஒரு ராஜ்யம் சோறு தின்று குளித்துக் கும்பிட்டுச் செத்த இடம் மொத்தமும் கண்ணெதிரே கிடக்கிறது.

மேலே ஏற ஏறத்தான் கட்டியவன் மூளை தெரியும். ஒரு வாசல் நேராக இருக்காது. திரும்ப வேண்டும், திரும்பினால் மறுபடியும் ஒரு வாசல், தலைக்கு மேலே மதில். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இருபது அடிக்கு மேல் அகலம், அறுபது அடி ஆழம் இருக்கும். குறுக்கே ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் ஒரு கை ஆள் போதும், இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் அப்படித்தான் 1690 முதல் 1698 வரை கீழே உட்கார்ந்திருந்தார். கோட்டைக்குள் சிவாஜியின் மகன் ராஜாராம். எட்டு வருஷம் கழித்துக் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதில் இல்லை, தப்பிப் போயிருந்தார்.

யாருடையது என்று கேட்டால் கணக்குப் போடலாம். 1190 வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர்குலத் தலைவர் தொடங்கியதாக மரபு. அப்புறம் விஜயநகரம், அதன் நாயக்கர்கள். இன்று நாம் வாய் பிளந்து பார்ப்பதில் பெரும்பகுதி அவர்கள் காலத்து வேலை. 1649இல் பீஜப்பூர் சுல்தான். 1677இல் சிவாஜி. 1698இல் மொகலாயர். 1750இல் ஒரே ராத்திரியில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. எட்டு வருஷம் கையில் சிக்காத கோட்டையை விடிவதற்குள் பிடித்தான் என்று ஐரோப்பா மூக்கின் மேல் விரலை வைத்தது. 1761இல் ஆங்கிலேயர். மராட்டியர் இருந்தது 21 வருஷம். இருபத்தொரு வருஷம் குடக்கூலிக்கு இருந்தவர் பெயரில் பட்டா மாறியிருக்கிறது என்று ஊர் கொதிக்கிறது.

நானும் கொதித்தேன். ஏறி இறங்கியபோது கொதிப்பு திசை மாறிவிட்டது. சிவாஜி சும்மா குடியிருந்துவிட்டுப் போகவில்லை. இருந்த மதிலை இடித்துப் புதிதாகக் கட்டினார், அகழியைத் தோண்டினார் என்று அக்காலத்து ஏசுசபைப் பாதிரிமார் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கியதில் அந்த வேலைக்கும் பங்குண்டு. அதற்கு மேலும் ஒன்று. செஞ்சி தேசியச் சின்னமானது 1921இல். நூறு வருஷத்துக்கு மேல் அது நம் மாநிலத்தில், நம் பஸ் ரூட்டில், நம் கண்ணெதிரே நின்றது. கோனார் கட்டியது, நாயக்கர் கட்டியது என்று மேடையில் முழங்கினோம். சி.எஸ். சீனிவாசாச்சாரி என்ற தமிழ்நாட்டுப் பேராசிரியர் 1943லேயே செஞ்சிக்கு ஒரு முழு வரலாறு எழுதிவிட்டார். மேடையில் முழங்குகிறவர்களில் அதைப் புரட்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். மகாராஷ்டிரத்துக்காரன் உட்கார்ந்து கோப்பு எழுதினான். தன் 11 கோட்டையோடு நம் ஒன்றையும் சேர்த்து எழுதினான். எழுதுகிறவன் தலைப்பில் தன் பெயரைத்தான் போடுவான். நம் பெயரைப் போட்டு எழுத நமக்கு யார் கையைப் பிடித்துத் தடுத்தார்கள்?

சரி, நமக்கென்று செஞ்சியில் ஒரு வீரன் உண்டே, தேசிங்கு ராஜன். கதைப்பாட்டு உண்டு, கூத்து உண்டு, 1960இல் எம்ஜிஆர் படம் உண்டு. பாராசாரிக் குதிரை, உயிர்த்தோழன் மகபத் கான், சிதையேறிய மனைவி. அவள் பெயரால் ராணிப்பேட்டை என்று ஊருக்கே பெயர் வைத்தார் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான். 1714இல் சின்ன வயசில் சண்டையில் செத்த தேசிங்கு, புந்தேல்கண்ட் ராஜபுத்திரன். அவன் அப்பன் சொரூப் சிங் மொகலாயர் வைத்த கோட்டைத் தளபதி. சண்டைக்குக் காரணம் அப்பன் வைத்துவிட்டுப் போன வரிப் பாக்கி. வடக்கேயிருந்து வந்த பிள்ளை, வரிப் பாக்கிச் சண்டையில் செத்தான். அவனுக்குத் தமிழ் ஊரெல்லாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழுதது. யார் எந்த ஊர்க்காரன், என்ன மொழி பேசினான் என்று அந்தச் சனம் கேட்கவில்லை. அப்போது ஃபிளெக்ஸ் போர்டு இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுபடியும் செஞ்சிக் கோட்டைச் சுவருக்கு வருகிறேன். கல்யாண மகால் படியில் ஏறுகையில் கை வைத்த இடமெல்லாம் பெயர். நாயக்கர் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கும் பூச்சு, அதன் மேல் சாவியால் கீறிய இதயம். இதயத்துக்குள் ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் அம்பு. அம்பு குத்திய இடத்தில் பூச்சு பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. பக்கத்திலேயே வருஷம்: 1998. அதன் மேல் இன்னொரு பெயர்: 2007. அதையும் கீறி அழித்து 2023. ஒரே சாண் இடத்துக்கு மூன்று தலைமுறை முற்றுகை. ஒரு மூலையில் கல்லூரிப் பெயர், துறை, ஆண்டு மூன்றும் இருந்தன. வரலாற்றுத் துறை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துறையை அந்தச் சுவரோடு கட்டிவைத்து நாக்கால் வழித்துச் சுத்தம் பண்ணச் சொல்லலாமா என்றுதான் இருந்தது.

நடுவில் நீலப் பலகை. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 1958ஆம் வருஷச் சட்டம், 2010இல் திருத்தி அபராதத்தை அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். கணக்குப் பார்த்தால், கல்யாண மகாலின் ஒரே ஒரு மாடிச் சுவரில் இருக்கிற பெயர்களுக்கு அபராதம் வசூலித்தாலே மூன்று மலைக்கும் தங்கத்தில் கைப்பிடி போடலாம். பெயர், ஊர், தேதி எல்லாம் குற்றவாளியே எழுதிக் கொடுத்திருக்கிறான். இதைவிட வசதியான வழக்கு எந்தப் போலீஸுக்குக் கிடைக்கும்? ஒரு வழக்கு எண்கூட அந்தச் சுவரில் எழுதப்படவில்லை.

காவலாளி இல்லையா என்று கேட்காதீர்கள். இந்தியா முழுக்க மத்தியத் தொல்லியல் துறையிடம் 2022இல் 3,693 சின்னங்கள். அந்த வருஷம் டிசம்பரில் கலாசார அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன கணக்குப்படி பாதுகாவலர் போடப்பட்டவை 248. அதே கணக்கில் இன்னொன்றும் வந்தது: 50 சின்னங்களைக் காணவில்லை. 14 கட்டடப் பெருக்கத்தில் போயின, 12 அணைத் தண்ணீரில் மூழ்கின, 24 எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. அதற்கு முன்னால் 2013இல் தணிக்கைத் துறை தேடியபோது காணாமல் போனவை 92. வடிவேலு கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுக்கிறபோது விழுந்து விழுந்து சிரித்தோம். அரசாங்கம் சின்னத்தைக் காணோம் என்று எழுதிக் கொடுத்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கோட்டைதான் இப்படி, கோயில்கள் தப்பித்தன என்று நினைக்க வேண்டாம். கும்பாபிஷேகத்துக்குக் கல்லைப் பளபளப்பாக்குகிறேன் என்று மணலைப் பீய்ச்சியடித்து ஆயிரம் வருஷக் கல்வெட்டுகளை வழித்தெடுத்தவர்கள் நாம். மலைகள்? மதுரைப் பக்கம் சமணர் படுகையும் கல்வெட்டும் இருக்கிற குன்றுகளைக் கிரானைட்டுக்காகக் கேக் வெட்டுகிற மாதிரி வெட்டினோம். உயர் நீதிமன்றம் 2014இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை அனுப்பி விசாரிக்கச் சொல்லும் அளவுக்கு வெட்டினோம். அந்த மலைகளின் உச்சியில் கோட்டை இருந்திருந்தால், மலையே போன பிறகு கோட்டை எந்த மூலையில் நின்றிருக்கும்? பானர்மேனுக்குச் சுவரை இடிக்கத்தான் தெரிந்தது. அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கிற மலையைக் கன அடிக் கணக்கில் விற்கலாம் என்ற ஞானம் அந்த வெள்ளைக்காரனுக்கு வரவில்லை.

இதில் இன்னொரு கூத்து. செஞ்சிக் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குத் தூக்கிப் போனார்கள். அவற்றைத் தங்கள் கவர்னர் டூப்ளே சிலையைச் சுற்றி நிறுத்தினார்கள். இன்றைக்கு அவை புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. ஒற்றைக்கல், உச்சிமுதல் அடிவரை சிற்பவேலை. கீறல் இல்லை. சுற்றிலும் விளக்கு, விடிந்தால் பெருக்குகிறார்கள். திருடன் எடுத்துப் போனது பத்திரமாக இருக்கிறது, வீட்டுக்காரனிடம் இருந்தது மேலே சொன்ன கதியில் இருக்கிறது. செஞ்சிச் சிற்பங்களைத் திருப்பிக் கொடு என்று யாராவது போராட்டம் ஆரம்பித்தால் தயவுசெய்து என்னைக் கூப்பிடாதீர்கள். எதிர்த் தரப்பில் கொடி பிடிப்பேன்.

நான் அரசுக்கு ஒரு மனு தயார் பண்ணியிருக்கிறேன். தமிழ்நாட்டில் எல்லாத் தொழிலுக்கும் நலவாரியம் இருக்கிறது, இடிப்போருக்கு இல்லை. கம்பெனி இடிக்கிறவனுக்குச் சம்பளம் கொடுத்தது, பிளாக்பர்ன் நிலம் கொடுத்தார். இன்றைய தொண்டர்கள் 25 ரூபாய் கைக்காசு கொடுத்து உள்ளே வந்து, ஆயிரத்துக்கு மேல் படி ஏறி, வேகாத வெயிலில், சொந்தச் சாவி தேய வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அடையாள அட்டை வேண்டும். கல்லில் பெயர் கீறுவோர், பீர் பாட்டிலைப் பீரங்கி மேல் உடைப்போர், புதையல் தேடி இரவில் தரையைத் தோண்டுவோர், வீட்டுப் படிக்கட்டுக்காக மதில் கல்லைப் பெயர்த்துச் செல்வோர் எல்லாரையும் ஒரே வாரியத்தில் சேர்க்கலாம். சாதி வாரியாகப் பிரிக்க வேண்டாம்; இந்தத் தொழிலில் மட்டும் எல்லாச் சாதியும் சரிசமமாகப் பங்கெடுக்கிறது. காயம் பட்டால் மருத்துவச் செலவு எங்கள் சீமைப் பொறுப்பு. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் ஊருக்கே கட்டுத்துணி நெசவுதான், மொத்தமாக வாங்கினால் விலை குறைப்பார்கள்.

“இவ்வளவு கோவம் ஒடம்புக்கு ஆகாதுய்யா” என்றார் அண்ணாச்சி. ராஜகிரி உச்சியில் ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. கீழே வயல், ஏரி, ரோட்டில் பொட்டுப் பொட்டாக லாரி. சற்றுத் தள்ளி ஒரு மண்டபத்துச் சுவரோரம் இருபது வயசுப் பையன் ஒருத்தன் முதுகைக் காட்டி நின்று கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான். பைக் சாவி. அண்ணாச்சி போய்ப் பக்கத்தில் நின்றார்.

“என்ன தம்பி எழுதுறீக?”

“சும்மா பேருதாண்ணா.”

“நமக்கு எந்த ஊரு?”

“இங்கதாண்ணா, செஞ்சிதான். வாரா வாரம் வருவோம்.”

“இத மராட்டியன் கோட்டைன்னு பாரீஸ்ல சொல்லிப்புட்டாகளாமே?”

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அதெப்படிண்ணா சொல்லலாம்? இது நம்ம கோட்டை. எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம். நாங்க சும்மா வுடல, அன்னிக்கே எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம்ல.” சொல்லும்போதும் சாவி நிற்கவில்லை.

அண்ணாச்சி சுவரைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப சரி தம்பி. அந்தக் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துட்டீக. அழுத்தி வைங்க, மழைக்கு அழிஞ்சிரப்போகுது.”